பின் சீட்டில் பெட்ரோல் வாடை

ஐப்பசி 6, வியாழன்

விடியற்காலையிலிருந்து தூறல். கடை அரைநாள் லீவு. ரைஸ் மில் பெல்ட்டும் பேரிங்கும் வாங்க இந்த மழையில் யார் வரப்போகிறார்கள். டேங்க் நிரப்பிக்கொண்டு செல்வியோடு கண்டனூர் கல்யாணம்.

மழைக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். பாதி வழியில் செல்வி தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கித் தலையை வெளியே நீட்டிக்கொண்டாள். பெட்ரோல் வாடையாம். பட்டுப்புடவை ஒரு தோள் முழுக்க நனைந்தது. எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்றேன். அவள் பார்த்த பார்வை.

எனக்கு எப்படித் தெரியும்? அந்தக் கொரோனாக் காய்ச்சலுக்குப் பிறகு என் மூக்கு மூச்சு விட மட்டும்தான். சாம்பார் அடிப்பிடித்தால்கூட அவள் சொன்னால்தான் உண்டு.

பாயசம் இரண்டு தடவை.

ஐப்பசி 7, வெள்ளி

வெயில். வெள்ளிக்கிழமை வழக்கப்படி காருக்குச் சூடம் காட்டத் தட்டோடு வந்தாள் செல்வி. பம்பர் வரை வந்தவள் நின்றாள். திரும்பிப் போய் நிலைப்படிக்கு உள்ளே நின்று கொளுத்தி, அங்கிருந்தே மூன்று சுற்று. அப்போதுதான் எனக்கும் உறைத்தது. போன வெள்ளி வரை தட்டை பானெட் மேலேயே வைத்திருக்கிறோம்.

இரவல் மூக்கு தேடுவது என்று முடிவு. எதிர்வீட்டு முத்துராமன் அண்ணனைக் காரில் ஏற்றினேன். மூக்குப்பொடி போடுகிற ஆள் என்பது ஏற்றிய பிறகுதான் நினைவு வந்தது. கண்ணை மூடி நன்றாக இழுத்துவிட்டு, புது சீட்டு வாசம் என்றார். நான் வாங்குவதற்கு முன்பே இரண்டு கை மாறிய கார். அடுத்து செல்வியின் தம்பி குமார். தவிட்டு வாடை என்றான். புதுவயல் மில்களுக்கு நடுவில் வளர்ந்தவன், அவனுக்கு எல்லாமே தவிடுதான்.

ராத்திரி செல்வியிடமிருந்து தோசை மட்டும் வந்தது. சட்னி வரவில்லை.

ஐப்பசி 9, ஞாயிறு

மேகமூட்டம். மதுரைக்குப் போய்ச் சரக்கு எடுத்து வந்தேன். தனியாக. செல்வி திருப்பத்தூரில் அக்கா வீட்டுக்குப் பஸ்ஸில். வாசலில் கார் நிற்க, தெரு பார்க்க, குடையும் பையுமாக நடந்து போனாள்.

ஐப்பசி 11, செவ்வாய்

காரைக்குடி. பாண்டியின் ஒர்க்‌ஷாப். செல்வியும் வந்தாள், சாட்சியாக.

பானெட்டைத் திறந்து ஒவ்வொரு டியூப்பாகத் தடவிப் பார்த்தான். ஈரம் இல்லை. படுத்து அடியில் பார்த்தான். இல்லை. செல்வியையே முகர்ந்து காட்டச் சொன்னான். முன்னால், பின்னால், டிக்கி. இல்லை. அவளுக்கே வாடை வரவில்லை. பாண்டி சிரிக்கவில்லை, ஆனால் சிரிக்காமலிருக்க ரொம்பப் பாடுபட்டான். என்னைத் தனியே அழைத்து, அக்காவுக்குப் பிரஷர் ஏதும் உண்டா என்று கேட்டான்.

வரும் வழியில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மனதில் ஒன்று பதிந்துவிட்டால் மூக்கிலும் அதே வரும் என்று சொல்லிவைத்தேன்.

"உங்க மூக்குக்குத் தெரியலைன்னா அது உலகத்துலயே இல்ல. அதத்தானே சொல்றீக?"

கோவிலூர் தாண்டும்வரை கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தேன்.

கடைக்கு போல்ட் வந்து சேரவில்லை. போன் செய்யணும்.

ஐப்பசி 16, ஞாயிறு

இரவு நல்ல மழை. என்ன பிரயோஜனம். கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் முழுக்கக் கருவேல முள். தண்ணீரெல்லாம் ரோட்டில். நம் வயல் உட்பட எல்லாம் காய்கிறது. நாளை திங்கள், கலெக்டர் ஆபீஸில் குறைதீர்க்கும் நாள். மனு எழுதியாயிற்று. துணைக்கு வருவதாகச் சொன்ன முத்துராமன் அண்ணனுக்கு முழங்கால் வலி. செல்வி வருகிறாள். பாதி வயல் அவள் பெயரில்.

டேங்க் நிரப்பியாயிற்று. மனு, துண்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் மஞ்சப்பையில். மறக்காமலிருக்க இப்போதே பின் சீட்டில் வைத்துவிட்டேன்.

ஐப்பசி 17, திங்கள்



ஊர் எல்லை தாண்டுவதற்குள் செல்வி கைக்குட்டையில் தைலத்தை ஊற்றி மூக்கில் வைத்துக்கொண்டாள். வருது என்றாள். அவ்வளவுதான்.

கலெக்டர் ஆபீஸ் வாசலில் எல்லோருடைய பையையும் பார்க்கிறார்கள். என் பையைத் திறந்த பெண் போலீஸ் குனிந்தார். நிமிர்ந்தபோது முகம் வேறு. துண்டை முகர்ந்தார். பாட்டில் தண்ணீரைக் கையில் ஊற்றி முகர்ந்தார். அதற்குள் இரண்டு போலீஸ்காரர்கள் என் இரண்டு பக்கமும். கையைப் பிடித்தார்கள், ஆனால் ரொம்ப மெதுவாக, கல்யாண மாப்பிள்ளையைப் பிடிப்பதுபோல.

"அண்ணே, எந்தக் கஷ்டமா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம். அவசரப்படாதீக."

வரத்துக்கால் அடைப்புக்காக வந்தேன் என்றேன். வரத்துக்காலுக்காகவா என்று ஒருவர் இன்னொருவரைப் பார்த்தார். ஃபேனுக்கு அடியில் உட்காரவைத்தார்கள். டீ வந்தது. பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்கள். எனக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. யாரோ நிஜமாகவே தீக்குளிக்க வந்திருப்பார்கள், அதனால்தான் இவ்வளவு பயம் என்று தோன்றியதும் சிரிப்பு போய்விட்டது.

செல்விதான் காப்பாற்றினாள். கார் லீக் என்றும், பத்து நாளாகச் சொல்லியும் இந்த மனுஷன் நம்பவில்லை என்றும் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். பெண் போலீஸ் அவளோடு காருக்குப் போனார். நானும் என் காவலர்களும் பின்னால். பின் கதவைத் திறந்து தலையை நுழைத்தவர் உடனே வெளியே இழுத்துக்கொண்டார்.

"என்னக்கா இப்புடி வீசுது? எப்புடித்தான் இதுல உக்காந்து வந்தீக?"

செல்வி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் கையை அப்படிப் பிடித்ததாக நினைவில்லை.

பிறகு அவளே யோசித்துச் சொன்னாள். கண்டனூர் போன அன்று டேங்க் ஃபுல். இன்றும் ஃபுல். பாண்டியிடம் போனது மதுரை போய் வந்து அடியில் கொஞ்சம் கிடந்தபோது.

"ரொம்புனா வருது, கொறஞ்சா போயிருது. அப்ப மேல எங்கயோதான் கசியுது."

இரண்டு பெண்களுமாகப் பின் சீட்டைத் தூக்கி விரிப்பை விலக்கினார்கள். ஒரு வட்டத் தகடு. அதைச் சுற்றி ஈரம். பெட்ரோல் பம்ப்பை டேங்குக்குள் இறக்குகிற வாய் அது என்றார் அங்கே நின்ற போலீஸ் ஜீப் டிரைவர். சாவியைத் தொடக்கூடாது என்று உத்தரவு.

மனு? வரிசையில்கூட நிற்கவிடவில்லை. நேரே உள்ளே. அதிகாரி எழுந்து நின்று வாங்கினார். கட்டாயம் பார்க்கிறோம் என்று இரண்டு தடவை.

திரும்ப பஸ். செல்விக்கு ஜன்னலோரம். நான் நின்றுகொண்டு.

ஐப்பசி 19, புதன்

தூறல். பாண்டி தானே போய்க் காரைக் கட்டி இழுத்து வந்தான். கோடையில் பெட்ரோல் அளவு காட்டும் முள் வேலை செய்யவில்லை என்று அந்த மூடியைத் திறந்தது அவன்தான். திரும்ப மூடியபோது ரப்பர் வளையம் மடங்கிக்கொண்டது. புது வளையம். டேங்க் நிரப்பிக் குலுக்கிக் குலுக்கி ஓட்டினான். செல்வி முகர்ந்தாள். இல்லை.

"நீங்க சொன்னப்பவே நம்பிருக்கணும்க்கா" என்றான் பாண்டி.

நானும் அதையே சொன்னேன். அங்கே வைத்து அல்ல. வீட்டுக்கு வந்து, வேறெங்கோ பார்த்துக்கொண்டு. ராத்திரி சட்னி இரண்டு வகை.

ஐப்பசி 21, வெள்ளி

வி.ஏ.ஓ. வீட்டுக்கு வந்தார். முதலில் தூக்கம் சரியாக வருகிறதா என்று கேட்டார். பிறகு பசி. காபி குடித்துவிட்டுப் போகும்போது செல்வியிடம் தன் நம்பரைக் கொடுத்து, எந்த நேரமானாலும் கூப்பிடச் சொன்னார். மதியம் வரத்துக்காலில் ஜே.சி.பி. முள் மொத்தமும் மாலைக்குள் வெளியே.

ஐப்பசி 23, ஞாயிறு

காலையிலிருந்து அடைமழை. கண்மாயில் தண்ணீர் இறங்குகிற சத்தம் வீடு வரை.

சாயங்காலம் முத்துராமன் அண்ணன், கூடத் தெருக்காரர்கள் இரண்டு பேர். ஆளுக்கு ஒரு மனு. தெருவிளக்கு, சாக்கடை, ரேஷன் கார்டு. நாளை திங்கள், என் காரிலேயே போய்க் கொடுத்துவிட்டு வரலாமாம். தாராளமாக என்றேன். பயமில்லை, பாண்டி எல்லாம் சரிசெய்துவிட்டான், துளி வாடை கிடையாது, கண்ணாடியை ஏற்றிக்கொண்டே போகலாம் என்றேன்.

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ரிப்பேர் பாத்துட்டியா," என்றார் அண்ணன். "ஒரு வாரம் பொறுத்திருக்கக் கூடாதாப்பா?"