நீலப் பக்கம் தேயாத பென்சில்

எதிர்வீட்டுப் பெண் சாயங்காலம் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். கணவர் போன பிறகு கைக்கு வந்த பணத்தை எங்கே போடுவது என்று கேட்க வேண்டுமாம். எழுத ஏதாவது கிடைக்குமா என்று தையல் பெட்டியைக் கிளறினேன். உன் சிவப்பு நீலப் பென்சில் தட்டுப்பட்டது. சிவப்புப் பக்கம் தேய்ந்து மொட்டையாகிக் கிடக்கிறது. நீலப் பக்கம் ஒரே ஒரு முறை சீவியதோடு சரி. மூக்கருகே கொண்டுபோனேன். அதே மரவாசம். அடியே, இனி உனக்கு எழுதாமல் எனக்கு எந்த வேலையும் ஓடாது.

எண்பதுகளின் தொடக்கம். மதுரையில் ஒரு வங்கிக் கிளையில் நாம் இருவரும் குமாஸ்தாக்கள். ஒரே வயது. நான் அலங்காநல்லூர் பஸ்ஸில் வருவேன், நீ வாடிப்பட்டி பஸ்ஸில். வங்கிக்காரர்களுக்கான தேர்வில் மற்ற தாள்களையெல்லாம் தாண்டிவிட்டோம். முதலீட்டுத் திட்டமிடல் தாள் மட்டும் இரண்டு முறை இருவரையும் கவிழ்த்துவிட்டது. மூன்றாம் முறையும் போனால் பாசான தாள்களும் செல்லாது. ஆபீசர் நாற்காலியை மறந்துவிட வேண்டியதுதான்.

நம் கேஷியர் அண்ணனுக்கு அதில் ஏக சந்தோஷம். “என்ன தாயி, இந்தத் தடவையும் பீசு கட்டியாச்சா?” என்பார்.

“ஆமாண்ணே, நாளைக்கு ஒங்க லீவு லெட்டர்ல நாங்கதான கையெழுத்துப் போடணும்” என்பாய் நீ. அவர் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பாசாகாமல் இந்த மனுசன் வாயை அடைக்க முடியாது என்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

முன் வருடங்களின் கேள்வித்தாள்களை யார் யாரிடமோ கெஞ்சி வாங்கி வந்து நூல் போட்டுத் தைத்தது நீதான். பழைய வவுச்சர் மூட்டைகள் கிடந்த அறையில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் படிப்பு. நான் எழுதியதை நீ திருத்துவாய், நீ எழுதியதை நான். தப்புக்குச் சிவப்பு, நல்ல பதிலுக்கு நீலம் என்பது உன் சட்டம். நீலம் வந்ததே இல்லை. நானும் ஒன்றும் தாராளமில்லை. உன் வட்டிக் கணக்கை நான் கிழித்த கிழியில், ஒரு நாள் நீ தயிர்சாதத்தைத் தொடாமல் மூடி வைத்துவிட்டாய்.

அந்த விதவைக் கேள்வி பழைய தாள்களில் திரும்பத் திரும்ப வரும். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், கணவரின் இன்சூரன்ஸ் பணம், என்ன ஆலோசனை சொல்வாய்? விடை எனக்கு மனப்பாடம். கொஞ்சம் பங்குகள், கொஞ்சம் யூனிட் டிரஸ்ட், மீதி ஆறு வருடப் பத்திரம் என்று மளமளவென எழுதி நீட்டினேன். நீ பக்கத்தின் குறுக்கே ஒரே கோடாக இழுத்தாய்.

“ஏண்டி, கணக்குச் சரியாத்தான இருக்கு?”

“கணக்குச் சரிதான். மூத்த பிள்ளைக்கு அடுத்த வருசம் கல்யாணம்னு கேள்வியிலயே போட்டிருக்கான். நீ பணத்தப் பூட்டி வச்சுட்ட. அந்தப் பொம்பள வாசல்ல வந்து நின்னா என்ன சொல்லுவ?”

“கேள்வித்தாள்ல உள்ள பொம்பள எங்கடி வந்து நிக்கப் போகுது?”

“ஏன் நிக்காது? எங்க ஊருக்காரின்னு வச்சுக்க. போச்சுன்னா, இம்புட்டுப் பணம் அவளுக்கு இன்னொரு தடவ வராதுடி.”

அன்றிலிருந்து அவள் வாடிப்பட்டிக்காரி ஆனாள். இன்னொரு தாளில் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியரைத் திருவாதவூரில் குடிவைத்தோம். பஸ் ஸ்டாண்டில் நின்று, அவருக்குப் பென்சன் பத்துமா பத்தாதா என்று நாம் சண்டை போட்டதைக் கேட்டு, பூக்கூடையோடு நின்ற அம்மா ஒருத்தி, “யாரு தாயி அந்த வாத்தியாரு, பிள்ளைக பாக்கலையா?” என்று உச்சுக்கொட்டினாளே, ஞாபகம் இருக்கிறதா?

பரீட்சையன்று, வரும் என்று நாம் குறித்து வைத்த எதுவும் வரவில்லை. விபத்தில் கையை இழந்த லாரி டிரைவர், நஷ்டஈட்டுப் பணம் என்று என்னவோ கேட்டிருந்தார்கள். ஆத்தி, இப்படி ஒருத்தரை நாம் எந்த ஊரிலும் குடிவைக்கவில்லையே! திரும்பிப் பார்த்தேன். நீ தலை நிமிராமல் எழுதிக்கொண்டிருந்தாய். சரி, எங்கள் ஊர் அண்ணன் ஒருவர் வாசலில் வந்து நிற்கிறார் என்று வைத்துக்கொண்டேன். அந்த வீட்டில் மாதச் சாப்பாட்டுக்கு எவ்வளவு வேண்டும் என்பதில் தொடங்கினேன். அப்புறம் மணி அடிக்கும்வரை பேனா நிற்கவில்லை.

இருவரும் பாஸ். கேஷியர் அண்ணனே லட்டு வாங்கி வந்தார். “இப்பவாச்சும் நீலம் போடுடி” என்றேன். “பாசானதுக்கெல்லாம் நீலம் கெடையாது. அந்த டிரைவரு வீட்டுல ஒல பொங்குச்சான்னு தெரியட்டும், போடுறேன்” என்றாய்.

பிறகு நான் ஆபீசராகி வெளியூர் போனேன். மாற்றல் வந்தால் பிள்ளைகள் படிப்புக் கெடும் என்று நீ பதவி உயர்வை வேண்டாமென்று விட்டாய். சில வருடங்கள் கழித்து உன் வீட்டுக்காரர் மாரடைப்பில் போனார். காரியங்கள் முடிந்து, ஒரு மஞ்சள் பையோடு என் வீட்டுக்கு வந்து நின்றாய்.

“அந்த வாடிப்பட்டிக்காரி நாந்தான்டி இப்ப” என்றாய்.

பையை வாங்கி உள்ளே வைத்தேன். “ஒனக்குத் தெரியாததாடி?” என்றேன்.

“எல்லாந் தெரியும். கை ஓட மாட்டேங்குது. நீ எழுது, நான் திருத்துறேன்.”

எழுதினேன். எந்தப் பரீட்சைக்கும் அப்படிப் பயந்ததில்லை. நீ பையிலிருந்து பென்சிலை எடுத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு வரியாக நகர்த்திக்கொண்டே போனாய். “சின்னவன் படிப்புக்கு நடுவுல எடுக்கணும்னா?” என்று கேட்டாய். “அதுக்குத்தான் தபாலாபீசுல தனியாப் பிரிச்சிருக்கேன், பாரு.” கடைசி வரிவரை வந்தாய். பிளேடு கேட்டாய். நீல முனையைச் சீவினாய். கண்ணீர் தாளில் சொட்டச் சொட்ட ஒரு ‘டிக்’ போட்டுவிட்டு, “நீயே வச்சுக்க” என்று பென்சிலை என் கையில் திணித்தாய்.

உன் சின்னவன் படித்து முடித்து வேலைக்குப் போனான். நீயும் கண்ணை மூடிவிட்டாய். உன்மேல் எனக்குக் கோபம்தான், என் கணக்கை இனி யார் திருத்துவது? ஆனாலும் பணம் என்று யார் வந்தாலும், வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன். வட்டியெல்லாம் பிறகுதான்.

வாசலில் செருப்புக் கழற்றும் சத்தம். வந்துவிட்டாள். பென்சிலை இரண்டு பக்கமும் சீவியாயிற்று. என் தப்பை நானே திருத்தச் சிவப்பு என்னிடம் இருக்கும். நான் எழுதி முடித்ததும் பென்சிலைத் திருப்பி, நீல முனையை அவள் கையில் கொடுக்கப் போகிறேன். மனசுக்குச் சரியென்று பட்டால் அவள் போடட்டும்.