பள்ளி மலரில் நான் அச்சிட்ட உன் பாட்டு

என் பச்சைக்கு,

நீ படிக்கப் போவதில்லை என்று தெரிந்தும் ஒற்றுப்பிழை திருத்தித் திருத்தி எழுதுகிறேன். தமிழ் டீச்சருக்கு இந்த வியாதி போகவே போகாது என்று சிரிப்பாய். ஐப்பசி மழையில் உன்னை அடக்கம் செய்து ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. அன்று குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. உன் தம்பி அழுதபடியே வாளியால் இறைத்துக்கொண்டிருந்தான்.

நல்ல செய்தியோடு ஆரம்பிக்க நினைத்தேன். உங்கள் குடியிருப்புக்குத் தெருவிளக்கு வந்துவிட்டது. அதில் ஒன்று எரிகிறது. நல்ல செய்தி அவ்வளவுதான், மீதியெல்லாம் நான் செய்த துரோகத்தைப் பற்றியது.

இதை வேறு யாராவது படித்தால் நீ யார் என்று தெரிய வேண்டும் இல்லையா? சிதம்பரத்துக்குக் கிழக்கே உப்பங்கழி ஓரம் இருக்கும் இருளர் குடியிருப்பில் பிறந்தவள் நீ. பிடித்ததைப் போடும் பறிக்கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து, வெறும் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிற குடும்பம். பன்னிரண்டாவது வரை படித்தாய். பழங்குடிச் சான்றிதழ் இல்லாததால் கல்லூரிக்குள் கால் வைக்க முடியவில்லை. நானோ நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு போடுகிற வீட்டிலிருந்து வந்து, உங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் தமிழ் டீச்சராக உட்கார்ந்தவள்.

நீ முதல்முதலில் என்னிடம் சண்டைக்குத்தான் வந்தாய். குடியிருப்பில் மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள், ஒருநாள் நேராக ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றாய்.

"எங்க புள்ளைங்க மட்டும் ஏன் டீச்சர் கடைசி பெஞ்சுல?"

"நான் ஒண்ணும் அங்க உக்கார வைக்கலம்மா. அதுங்களாத்தான் போய் உக்காருதுங்க."

"அதத்தான் கேக்குறேன். ஏன் அவுங்களாவே போய் குந்திக்கிறாங்க?"

பதினோரு வருஷம் பாடம் எடுத்தவள், அன்றுதான் அந்தக் கடைசி பெஞ்சில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன். மறுநாள் பாடத்தில் 'பழங்குடியினர் மலைகளில் வாழ்கின்றனர்' என்று ஒரு வரி வந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "மலையே இல்லாத ஊர்ல இருக்குற நாங்க யாரு டீச்சர்?" என்று கேட்டாள். அன்று சாயங்காலம் நானே உன்னைத் தேடி வந்தேன்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் உனக்கு என்று ஆனது அப்படித்தான். செருப்பை வாசலில் விட்டுவிட்டு வந்து, கரும்பலகையைத் தொடாமல், நீ பாட ஆரம்பித்தாய். தண்ணீர் வடிகிற வத்தத்தில் எந்த வாய்க்காலில் இறால் ஒதுங்கும், கடல் ஏறுகிற பெருக்குக்கு முன்னால் எப்போது கரையேற வேண்டும் என்று சொல்கிற பாட்டு. நண்டுக்கும் நாரைக்கும் சம்பந்தம் பேசப் போய் வம்பில் முடிகிற கதை. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. செய்யுள் நயம் என்று நான் தொண்டை வற்றக் கத்தியது, அந்த நண்டு வாயைத் திறந்ததும் பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது.

உங்கள் பிள்ளைகள் மெல்ல முன் பெஞ்சுக்கு வந்தார்கள். யாரும் வரச் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகளுக்குச் சொல் தெரியாத இடத்தில் அவர்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது, அதனால் வந்தார்கள். செங்கல் சூளைக்குப் போயிருந்த இரண்டு பெண்கள் வெள்ளிக்கிழமைக்காகவே திரும்பி வந்து சேர்ந்தார்கள். "எலி புடிக்கிறவங்க பாட்டு எங்க புள்ளைக்கு எதுக்கு?" என்று ஒரு அப்பா வந்து கத்தினாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் மகனே அந்த நண்டுக் கதையை அவரிடம் சொல்லிக் காட்டி வாயை அடைத்தான்.

நீ பாட, நான் எழுத, கோடு போட்ட நோட்டுகள் இரண்டு நிரம்பின. உன்னைவிட நாலு வயது மூத்தவள் நான், அக்கா என்று கூப்பிடேன் என்று எத்தனை முறை கேட்டிருப்பேன்? "டீச்சர்னாதான் எனக்குக் கெத்து" என்று மழுப்பிவிடுவாய். மழுப்பல்தான் என்று எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்து மனிதர்கள் அக்கா தங்கை என்று கொண்டாடிவிட்டு, வாசலில் வைத்தே தண்ணீர் கொடுத்ததை நீ நிறையப் பார்த்தவள்.

ஒரே ஒரு பாட்டை மட்டும் நீ நோட்டில் ஏற விடவில்லை. மாசி மகத்தன்று ஸ்ரீமுஷ்ணம் சாமி கடலுக்கு வரும்போது ஊரே ஒரு பக்கம் கூடும். உங்கள் ஆட்கள் தள்ளிப் போய், குளித்த ஈரத்தோடு, மணலில் ஏழு குவியல் வைத்து ஏழு கன்னிகளை அழைப்பார்கள். அந்த அழைப்புப் பாட்டு. கடைசி வருஷம் என்னைப் பக்கத்தில் நிற்க விட்டாய். நான் போனில் பதிவு செய்வதையும் பார்த்தாய். பாடி முடித்து வந்து என் காதோடு சொன்னாய்.

"மத்ததெல்லாம் எல்லாப் புள்ளைங்களும் பாடட்டும் டீச்சர். இது மட்டும் எங்களோட இருக்கட்டும். போன்ல வச்சுக்க, யாருக்கும் குடுத்துடாத."

சரி என்று தலையாட்டினேன். அப்புறம் உனக்கு மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கும் குடியிருப்புக்குமாக எட்டு மாசம் அலைந்தோம். ஐப்பசியில் நீ போனாய்.

நான் செய்ததை இனிச் சொல்லிவிடுகிறேன். பங்குனியில் பள்ளி ஆண்டு விழா. மலரில் உன் படத்தைப் போட்டு, ஒரு பக்கம் எழுதி, கீழே அந்தப் பாட்டை முழுசாக அச்சிட்டேன். நீயே போய்விட்டாய், பாட்டாவது நிலைக்கட்டும் என்று நினைத்தேன். எழுதி வைக்காததெல்லாம் அழிந்துவிடும் என்று படித்துப் படித்து ஊறிய புத்தி. அது போதாதென்று, மேடையில் முப்பது பிள்ளைகளைப் பாடவும் வைத்தேன். கைத்தட்டல் அடங்கவில்லை. நான் மேடை ஓரத்தில் நின்று அழுதேன், ரொம்பப் பெருமையாக இருந்தது.

உன் மகள் வேணி அந்த வருஷம் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் எடுத்தாள். கடலூரில் கல்லூரியில் பி.ஏ. தமிழ் சேர வேண்டும், டீச்சராக வேண்டும் என்றாள். உனக்குத் தடுக்கிய அதே கல்தான் அவளுக்கும், சான்றிதழ். சேர்க்கை முடிய இன்னும் கொஞ்ச நாளே இருந்தது. விசாரணைக்குக் கூப்பிட்டிருந்தார்கள், துணைக்கு நான் போனேன். எந்த ஆபீஸ் என்று எழுதப் போவதில்லை. எல்லா ஆபீஸிலும் அந்த மேஜையும் அந்த ஃபைலும் இருக்கின்றன.

அதிகாரி வேணியை ஏற இறங்கப் பார்த்தார். சல்வார் போட்டிருந்தாள், தலையைப் பின்னி இருந்தாள்.

"பாத்தா அப்படித் தெரியலையே. பாம்பு புடிப்பியா?"

"இல்ல சார்."

"எலி?"

"இல்ல சார். நாங்க இறால் புடிக்கிறவங்க."

"இறால் எல்லாரும்தான் புடிக்கிறான். உங்க ஆளுங்களுக்கு மட்டும் தெரிஞ்சது ஏதாச்சும் சொல்லு பாப்போம்."

ஒரு பெண் தன் பிறப்பை நிரூபிக்க வித்தை காட்ட வேண்டுமா பச்சை? அதை அவரிடமே கேட்டிருக்க வேண்டும். ஆனால் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பேசினால் ஃபைல் அடியில் போய்விடும் என்று பயந்தேன். வேணி செருப்பைக் கழற்றினாள். தண்ணீர் பாட்டிலைத் திறந்து முகத்தை நனைத்துக்கொண்டாள். கண்ணை மூடி, அந்த ஆபீஸ் ஃபேன் சத்தத்துக்கு நடுவில், கன்னிகளை அழைத்தாள்.

அவள் இரண்டாம் அடி எடுக்கும்போதே பக்கத்து மேஜைக் கிளார்க் தலை நிமிர்ந்தார்.

"சார், இது ஸ்கூல் பாட்டு சார். என் பொண்ணு வூட்டுல தெனம் பாடுது. புக்குலயே போட்டிருக்காங்க."

அதிகாரி சிரித்தார். எரிச்சல்கூட இல்லை, சாதாரணமாகச் சிரித்தார். "அப்ப என்னம்மா இது? ஊர் புள்ளைங்க எல்லாம் பாடுற பாட்டு எப்படி ஆதாரமாகும்?" என்றவர் என் பக்கம் திரும்பி, "இவங்க யாரு?" என்று கேட்டார்.

"எங்க பெரியம்மா சார்" என்றாள் வேணி.

நீ வாழ்நாளெல்லாம் தராத உறவை உன் மகள் அந்த இடத்தில் வைத்துத் தந்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? வேறு சாதிக்காரி சொந்தம் என்று எழுதிவிட்டால் விண்ணப்பம் கெட்டுப்போகும் என்று பதறி, "இல்ல சார், இல்ல. நான் டீச்சர்தான்" என்றேன். வேணி என்னைப் பார்க்கவில்லை. குனிந்து செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

போதிய ஆதாரம் இல்லை என்று கடிதம் வந்தது. சேர்க்கை முடிந்தது. வேணி இப்போது உன் தம்பி மனைவியோடு இறால் பிடிக்கத் தண்ணீரில் இறங்குகிறாள். உன் பறிதான். பல் வலிக்கிறது என்று முதல் வாரம் சோறு மெல்லாமல் கிடந்தாள். பள்ளியில் வெள்ளிக்கிழமைப் பீரியடை எடுத்துவிட்டார்கள், சிலபஸ் முடியவில்லையாம். உங்கள் பிள்ளைகளில் பாதிப்பேர் சூளைக்குப் போய்விட்டார்கள். இருப்பவர்கள் பழையபடி கடைசி பெஞ்சில்.

ஒருநாள் அவள் காலைப் பிடிக்காத குறையாக மன்னிப்புக் கேட்டேன்.

"புக்குல பாட்ட அன்னிக்கே பாத்தேன்" என்றாள். "நீங்க மேடையில அழுதுகினு நின்னீங்க. அதான் ஒண்ணும் சொல்லல."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பதினேழு வயதுப் பெண் என்னை வருத்தப்பட வைக்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறாள், நான் விழா நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உன் மாலை வகுப்பை வேணி மறுபடி தொடங்கிவிட்டாள், எரிகிற அந்த ஒரு விளக்குக் கம்பத்தின் கீழே. நம் நோட்டு இரண்டும் அவளிடம்தான். போன மாசம் குடியிருப்புப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து மேல்முறையீட்டு மனு கொடுத்தார்கள். எழுதியது அவள்தான். 'எங்கள் பிள்ளைகள் இனி எந்த ஆபீஸிலும் பாட மாட்டார்கள், பாம்பு பிடித்துக் காட்ட மாட்டார்கள். தெரிந்துகொள்ள விரும்பினால் எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து கேளுங்கள்' என்று எழுதியிருந்தாள். ஒரு பிழை இல்லை. யாரும் இன்னும் வரவில்லை.

நேற்று மாசி மகம். நானும் கடற்கரைக்குப் போனேன். ஏழு குவியல் வைத்தார்கள். பாட ஆரம்பிக்கும் முன் வேணி என்னிடம் வந்தாள். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"புதுசா ஒரு பாட்டு கட்டியிருக்கோம். நீங்க அந்தாண்ட போய் நில்லுங்க" என்றாள்.

போனேன். சவுக்குத் தோப்பு வரை நடந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அலைச் சத்தம் தவிர ஒன்றும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்றுதான் நானும் வேண்டிக்கொண்டேன்.

பழைய பாட்டு, பாத்திரம் தேய்க்கும்போது இன்னும் என் நாக்கு நுனிக்கு வருகிறது பச்சை. மறக்க முடியும் என்று பொய் சொல்ல மாட்டேன். போனில் இருந்ததை அழித்துவிட்டேன். மலர்ப் பிரதிகளை வீடு வீடாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன், கிளார்க் வீட்டிலும் போய்க் கேட்டேன். அந்தப் பாட்டு இனி என் வாயிலிருந்து வராது. வேணி அடுத்த முறை அந்த மேஜைக்கு முன்னால் நிற்கும்போது நானும் நிற்பேன், அன்று வாயை மூடிக்கொண்டு நிற்க மாட்டேன். புதுப் பாட்டு என்ன என்று அவளிடம் ஒருநாளும் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

ஆபீஸில் சொல்லத் தைரியமில்லாமல் போனதை இங்கே எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். நீ ஒத்துக்கொள்ளாவிட்டால் கோடு போட்டு அடித்துவிடு.

உன் அக்கா,
வேணியின் பெரியம்மா.