கோட்டுக்கு வெளியே நின்ற கால்

என் செல்ல மூத்தவளுக்கு,

இங்கே எல்லாரும் நலம், என் வலது முழங்கால் ஒன்றைத் தவிர. நீ அங்கே உச்சி முதல் உள்ளங்கால் வரை நலமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆசை. முழங்காலுக்கு என்ன என்று இப்போதே பதறாதே, பதறுவது என் இலாகா, விஷயம் தானாக வந்து சேரும். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. ஃபோனில் சொல்லியிருக்கலாம், ஆனால் இந்த வீட்டில் மூன்று அறைக்கும் சேர்த்து ஒரே காது, அது உன் அப்பாவுடையது. இருமல் நின்றதா? ஈரத்தலையோடு பஸ் ஏறாதே. கண் மருத்துவமனையில் பயிற்சி எடுக்கிறவளே அரை வெளிச்சத்தில் படிக்கிறாயாமே, உன் அறைத்தோழி போட்டுக்கொடுத்துவிட்டாள், அவளைத் திட்டாதே, நான்தான் வாயைப் பிடுங்கினேன்.

அந்த வீடியோவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அதைப் பார்த்துவிட்டு வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகளை அனுப்பினாயே, அன்றிலிருந்து நீ கூப்பிடும்போதெல்லாம் அப்பா குளிக்கிறார் என்று நான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இத்தனை குளியல் உண்மையாக இருந்தால் மனுஷர் இந்நேரம் கரைந்தே போயிருப்பார். உன்மேல் அவருக்குக் கோபம் இல்லை. "அவ சிரிக்கட்டும், ஊரே சிரிக்குது"ன்னு சொல்லிவிட்டுப் போய், ஏற்கெனவே துடைத்துவைத்த பூட்ஸை மறுபடி துடைத்தார். நீ சிரித்ததும் தப்பில்லை, நானே முதலில் பாத்ரூமில் போய்ச் சிரித்தவள்தான். ஆனால் அதில் இருப்பது பதினொரு நொடி. மீதியை யாரும் படம் எடுக்கவில்லை.

பதினெட்டு வருஷம் ஒரே ஃபுட்பால் கிளப்புக்கு லெஃப்ட் பேக்காக இடது ஓரத்தைக் காத்து நின்றவர், எதிரணி ரசிகர்களே பூட்டு என்று பெயர் வைத்த மனுஷர், அத்தனை வருஷத்தில் ஒரு சிவப்பு அட்டை வாங்கியது கிடையாது. போட்டதே ஒரு கோல், அதுவும் நம் வலையில். உனக்குத் தெரியாததா, வீட்டுக்குள்ளேயே அவர் ஆட்டம் நின்றதில்லை, உன் தங்கை குட்டி அடுப்புப் பக்கம் போனால் இவர் எங்கிருந்தோ வந்து நடுவில் நிற்பார். முகம் பொய் சொல்லும், கால் பொய் சொல்லும், இடுப்பு மட்டும் சொல்லாது என்று எதிரே வருகிறவர்களின் இடுப்பையே பார்த்துப் பழகியவர், கடைத்தெருவிலும் அதே பார்வை, முறைக்கிற பெண்களுக்கெல்லாம் விளக்கம் சொல்வது நான். இந்த வருஷம் அதே கிளப்புக்குக் கோச் ஆனதும் நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன், இனி எலும்பு முறியாது என்று. எலும்பு முறியவில்லை, மானம்தான் கொஞ்சம் விரிசல் விட்டது.

அன்றைக்கு ஆட்டம் சமம், முடிய இரண்டே நிமிஷம். ஓரமாகவே ஓடித் தாக்குகிற எதிரணி விங்கர் நம் லெஃப்ட் பேக்கைத் தாண்டி, அப்பா நிற்கிற ஓரத்துக் கோட்டை ஒட்டியே பந்தோடு வருகிறான். அப்பாவின் இடத்தில் இப்போது ஆடுகிறானே, பையன்கள் சன்னல் என்று கூப்பிடுகிறார்களே, எப்போதும் திறந்தே இருப்பான் என்று, அவன்தான், கல்யாணமாகி இரட்டைக் குழந்தை பெற்றவனுக்கு இப்படியொரு பெயர். அப்புறம் நீ பார்த்ததுதான். கோட்டுக்கு வெளியே நின்ற கோச்சின் இடது கால் உள்ளே போய்ப் பந்தைத் தட்டி எடுத்து வெளியே அனுப்பிவிட்டது. "நான் போகல, கால் போச்சு"ன்னு சத்தியம் செய்கிறார். சிவப்பு அட்டை, ஃப்ரீ கிக், அதிலேயே கோல், தோல்வி. கோச்சுக்கு ஒரு ஆட்டம் தடை. அதைவிடப் பெரிய இடி வீட்டில் விழுந்தது. "நான் கோச்சே இல்ல, சட்டை மாத்திக்கிட்ட டிஃபெண்டர், தலைவர்கிட்ட சொல்லிட்டு விலகிடறேன்"னு சோற்றுத் தட்டைப் பார்த்துச் சொன்னார். பந்தை விட்டால் அவருக்கு என்ன தெரியும் சொல்லு, ஒரு பல்பு மாற்றக்கூட நான் ஸ்டூல் பிடிக்க வேண்டும். நாள் முழுக்க இந்த மூன்று அறைக்குள் நின்று நம்மைத் தடுத்துக்கொண்டே இருந்தால் என் கதி என்ன? அடுத்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் போய்ச் சொல்லுங்க என்று கெஞ்சிக் கேட்டு வைத்தேன்.

அந்த ஆட்டத்துக்கு அவரோடு நானும் போனேன். தடை வாங்கியவர் மேலே சீட்டில்தான் உட்கார வேண்டும், கீழே யாரோடும் பேசக் கூடாது, அவர் ஃபோனை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். மைதானத்தை மேலேயிருந்து பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது. ஆரம்பித்ததுமே "ஏறு, இறங்கு, உள்ள வா"ன்னு ஒரே கத்தல். முன் வரிசையில் ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பி, "சார், கோச் கீழதான் இருக்கணும், நீங்க மேலேருந்து கத்தி என்ன ஆகப்போகுது? போன வாரம் ஒருத்தர் காலை விட்டாரே, அந்த மாதிரி நீங்களும் குதிச்சிடாதீங்க"ன்னார். மூக்குக்கண்ணாடியும் ஸ்வெட்டருமாக இருந்தவரை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. இவர் வாயை மூடிக்கொண்டார், மூடியது மூடியதுதான்.

கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்து, "சன்னலைப் பாரு, இன்னிக்கு எவ்வளவு நல்லா ஆடுறான்"ன்னார். நான் பார்த்தேன், எனக்கு என்ன தெரியும், ஓடுகிறான், நிற்கிறான். இடைவேளையில் என் ஃபோனில் அந்த வீடியோவைப் போடச் சொன்னார். அவரே கேட்டாரே என்று அவசரமாகத் தேடிப் போட்டேன். எல்லாரும் அதில் அப்பாவைத்தான் பார்த்தோம். அவர் சன்னலைக் காட்டினார். நீயும் இந்தக் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை பார், அப்பாவைப் பார்க்காதே, சன்னலைப் பார். விங்கர் தாண்டுகிற அந்த நேரத்தில் அவன் விங்கரைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பி அப்பாவைப் பார்க்கிறான், ஏனென்றால் அப்பா அவனைப் பார்த்துக் கத்திக்கொண்டிருக்கிறார். "சன்னலைத் திறந்து வச்சதே நான்தான்"னு மெதுவாகச் சொன்னார். அதைச் சொன்ன முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் இருந்தது, எந்த நட்டு கழன்றது என்று கடைசியில் கண்டுபிடித்தவர் மாதிரி.

இரண்டாவது பாதியில் நாம் ஒரு கோல் முன்னால். கடைசி நிமிஷங்களில் மறுபடி ஒரு விங்கர், மறுபடி அதே ஓரம். கத்த ஆள் இல்லை. சன்னல் எங்கேயும் திரும்பவில்லை, குனிந்து அந்த ஆளின் இடுப்பை மட்டும் பார்த்து நின்றான், அவன் அசைந்த பக்கம் கால் நீட்டினான், பந்து வந்துவிட்டது. அதே நொடியில் மேல் வரிசையில் உன் அப்பாவின் இடது காலும் போனது. அந்தப் பக்கம் இருந்தது என் வலது முழங்கால். நான் போட்ட கூச்சலில் பெரியவரின் ஃபிளாஸ்க் உருண்டது. அவர் திரும்பி, என்னைப் பார்த்து, இன்னும் நீட்டியபடி நின்ற காலைப் பார்த்து, "அட, பூட்டு!"ன்னு கத்திவிட்டார். இத்தனை நாளில் முதல் தடவையாக உன் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு வலியில் கண்ணீர், அதோடு சிரிப்பு வேறு, எது எதற்கென்று தெரியவில்லை.

இப்போது விலகல் பேச்சே இல்லை. ஓரத்துக் கோட்டிலிருந்து இரண்டடி தள்ளி மைதானக்காரர் வெள்ளையில் இன்னொரு கோடு போட்டுவைத்திருக்கிறார், அது கோச்சுக்கு மட்டுமாம். இடைவேளை வரைக்கும் வாய் திறப்பதில்லை என்று இவரும் வாக்குக் கொடுத்திருக்கிறார், நான் நம்பவில்லை. சன்னல் ஐஸ் பையோடு வீட்டுக்கு வந்தான், "அக்கா, அவர்கிட்ட பந்து இல்லாம உதை வாங்கின ஒரே ஆள் நீங்கதான்"ன்னான். குட்டி கூடத்தில் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு பந்தைக் காலால் இழுத்து எடுக்கிறாள், சிவப்பு அட்டை காட்டச் சொல்லி என்னை வேறு கூப்பிடுகிறாள்.

நேற்று அவராகவே கேட்டார், "அவ எத்தனை பேருக்குக் காட்டினாளாம்?"னு. அதனால் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, குளித்து முடித்துத் தயாராக இருப்பார். பாவம் பார்த்துப் பேசாதே, நன்றாகச் சிரி. ஒரு முட்டையாவது தினம் சாப்பிடு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்கு, உன் கண்ணும் கையும் என்றைக்கும் தெளிவாக இருக்கட்டும், எங்கே போனாலும் நல்லவர்கள் நடுவில் நிற்பாய்.

மறந்துவிட்டேன், உன் விடுதியில் அந்த வீடியோ பார்த்த அத்தனை பேரிடமும் ஒன்று சொல்லச் சொன்னார். அன்றைக்கு அவர் ஆளைத் தொடவே இல்லையாம், பந்தை மட்டும்தானாம், டாக்கிள் சுத்தமாம்.

ஐஸ் பையோடு உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா