தலையணைக்கடியில் வைத்த இரும்பு

என் உயிரான அக்காவுக்கு,

முதலில் நல்ல சேதிகளைச் சொல்லிவிடுகிறேன். பெரிய பேரன் சீனியர் கேம்பிரிட்ஜ் தேறி, துறைமுகத்தில் கிளார்க் ஆகிவிட்டான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறான். பேத்தியை ஆசிரியர் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். கடைக்குட்டி ஓட்டப்பந்தயத்தில் முதலாவதாக வந்து ஒரு கோப்பை கொண்டுவந்தான். அதில் இப்போது சீப்பு போட்டு வைத்திருக்கிறோம். எல்லாம் இளையவன் பிள்ளைகள். புக்கிட் மேராவில் ஏழாம் மாடியில் வீடு கிடைத்திருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் குடும்பத்தில் இவ்வளவு.

இதே மாதிரிதான் உனக்கு எப்போதும் எழுதுவேன். நீயும் ஒவ்வொரு பதிலிலும் கடைசி வரியில் கேட்பாய்: "புதுசா ஒரு படம் எடுத்து அனுப்புடி. மூத்தவன் வேலு எப்படி இருக்கான்னே தெரியல." சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் எடுத்து அனுப்புவேன். அதில் வேலு இருக்க மாட்டான். படம் பிடித்ததே அவன்தான் என்று ஒரு தடவை எழுதினேன். நீ அதை நம்பி, தங்கச்சி மகன் சிங்கப்பூரில் போட்டோக்காரன் என்று தெரு முழுக்கச் சொன்னாயாம். உன் காரியம் முடிந்த சேதியோடு உன் மகன் செல்வம் இதையும் எழுதியிருந்தான்.

இனி உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? உனக்கு முகவரியும் இல்லை. அதனால் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். "வேண்டாம் லா பாட்டி, தங்கச்சிக்கு நாளைக்கு மாப்பிள்ளை பாக்கணும்" என்றான் பேரன். பிழையாவது திருத்தித் தருகிறேன் என்றான். அதுவும் வேண்டாம் என்றுவிட்டேன்.

அக்கா, வேலு பதினொரு வருடமாக மனநோய் ஆஸ்பத்திரியில், பூட்டிய வார்டில் இருக்கிறான். என் வீட்டுக்காரர் நெஞ்சுவலியில் போகவில்லை. வேலு வெட்டினான்.

அவனுக்கு முப்பத்தைந்து வயதில் காதில் குரல் கேட்க ஆரம்பித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் ஆட்கள் நிற்கிறார்கள், தூக்கிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று தூங்காமல் கிடந்தான். உனக்கு எழுதினேன். நீ பதில் போட்டாய்: "பிள்ளை எதையோ பாத்துப் பயந்திருக்கான். தலைமாட்டுல இரும்பு வை." நம் பக்கத்தில் பிள்ளை பெற்றவள் படுக்கையில் வைப்பார்களே, அது. நீ சாவியை நினைத்திருப்பாய். இல்லை, பாக்குவெட்டியை. அவன் பயம் பெரிதாக இருந்தது. வீட்டில் இருந்ததிலேயே பெரிய இரும்பாகப் பார்த்து எடுத்தேன். என் வீட்டுக்காரர் தேக்கா மார்க்கெட்டில் தேங்காய் வெட்டுகிற பாராங் கத்தி இரண்டில் ஒன்று. துணியில் சுற்றித் தலையணைக்கடியில் வைத்தேன். "இனி யாரும் வர மாட்டாங்கடா" என்றேன்.

மூன்று நாள் நன்றாகத் தூங்கினான். உனக்கு நன்றி எழுதக் காகிதம்கூட வாங்கி வைத்தேன்.

நாலாம் நாள் விடிந்ததும் அவர் அவன் தோளைப் பிடித்து உலுக்கினார். "எந்திரிடா, தேங்கா லோரி வந்துடுச்சு." சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறான். கை வேறு எங்கே போகும், சொல்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக்கார டாக்டர் கேட்டதை, காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரெஸ்ஸர் ஒருவர் தமிழில் சொன்னார். குடிப்பானா? முன்னால் யாரையாவது அடித்திருக்கிறானா? யாருக்குப் பயந்தான்? எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன். குடிக்க மாட்டான். ஈயைக்கூட அடித்ததில்லை.

"வீட்டுல ஆயுதம் ஏதும் வெச்சிருந்தீங்களாம்மா?"

"இல்லாமயா? அரிவாள்மணை, துருவுமணை, ரெண்டு பாராங். ஆயுத பூஜைக்கு எல்லாத்தையும் கழுவிச் சந்தனம் வெச்சுக் கும்பிடுவோம்."

டிரெஸ்ஸர் குறுக்கிட்டார். "நான் அதக் கேக்கலம்மா. அந்தப் பாராங்க தலையணைக்குக் கீழ வெச்சது யாரு?"

அந்த அறையில் ஆயுதம் என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "தெரியாதுங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லால், அவன் ஆயுதத்தைத் தயாராக வைத்துக்கொண்டு படுத்திருந்தான் என்று காகிதத்தில் ஏறிவிட்டது. இவனை வெளியே விடலாமா என்று யோசிக்கிற ஒவ்வொரு வருடமும் அந்த வரியைத்தான் படிக்கிறார்கள். பயந்து படுத்தவனும் தயாராகப் படுத்தவனும் ஒன்றா?

ஏன் சொல்லவில்லை என்கிறாயா? போலீஸ் பயம். பிறகு மானம். பிறகு நீ. உனக்குத் தெரிந்திருந்தால் அங்கே உட்கார்ந்து அழுதே செத்திருப்பாய். நீ எழுதியது இரும்பு. கத்தி என்று எழுதவில்லை. கத்தியை எடுத்தவள் நான்.

நீ போன சேதி வந்த பிறகு, போன மாதம் போய்ச் சொன்னேன். இப்போது இருப்பது தமிழ் பேசுகிற டாக்டரம்மா. நாற்காலி போட்டு உட்காரவைத்துக் கேட்டார். யார் இப்படி வைக்கச் சொன்னது என்றார். எங்கள் ஊர் வழக்கம் என்றேன். பிறகு பழைய காகிதங்களைப் புரட்டினார்.

"நீங்க சொல்றத எழுதிக்கிறேன் பாட்டி. ஆனா அவர் பதினோரு வருசமா ஒண்ணையேதான் சொல்றார். நான்தான் வெச்சேன், அம்மாவுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு."

வேலு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையைத் தொட்டு, "உண்மையச் சொல்லுடா" என்றேன். அவன் டாக்டரைப் பார்த்தே பேசினான்.

"அம்மாவுக்கு வயசாயிடுச்சு டாக்டர். மறந்துபோய்ப் பேசுறாங்க."

பிறகு என் பக்கம் திரும்பி, "பெரியம்மா கடுதாசி போட்டாங்களா?" என்றான்.

போட்டாங்க என்று சொல்லிவிட்டேன். "உன் படம் கேட்டாங்கடா" என்றும் சொன்னேன். "இங்க எடுக்க விட மாட்டாங்கம்மா. அவங்க படம் இருந்தா கேட்டு வாங்கு" என்றான்.

அக்கா, அடுத்த மாதமும் போவேன். கால் நடக்கிற வரை போய், நான்தான் வைத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். நம்ப மாட்டார்கள். அவன் வெளியே வரவும் மாட்டான். ஆனாலும் உன்மேல் ஆணையாகச் சொல்வேன். நீ எழுதியதை மட்டும் அவர்களிடம் என் வாயால் சொல்ல மாட்டேன்.

செல்வம், இதை யாராவது உனக்கு அனுப்பிவைத்தால், உன் அம்மாவின் புதுப் படம் ஒன்று தபாலில் போடு. மாலை போட்டதாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்பு.

உன் கூடப் பிறந்தவள்,
வேலுவின் அம்மா