பரணில் கிடைத்த மரப்பாதம்

கர்த்தரின் கிருபை காக்கும் என் மகள் ஜெனிக்கு, தாம்பரத்திலிருந்து அம்மா எழுதுவது. முழங்கால் வலி தவிர இங்கே நான் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகந்தானே. போனில் பேசினால் மாப்பிள்ளை காதிலும் விழும், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா போனபின் அவருடைய மரவேலைச் சாமான்களை ஒதுக்கி வைத்தேன். பரணில், துணி சுற்றி, மரத்தில் செதுக்கிய ஒரு பாதம். பெண்பிள்ளை பாதம். என்னுடையதும் இல்லை, உன்னுடையதும் இல்லை. காலமெல்லாம் செருப்புக் கடையில் ஊரார் காலுக்கு அளவு பார்த்தவர், ஞாயிறு மதியம்தான் உளியைத் தொடுவார். உன் மேஜையைச் செய்தபோது பத்துப் பேரைக் கூப்பிட்டுக் காட்டினவர், இதை ஏன் ஒளித்தார்? எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வாரம் சேலையூரிலிருந்து ஜெயசீலி என்று ஒருத்தி வந்து வாசல் கேட் அருகே நின்று, "அண்ணன் என் கால வச்சிருக்காரு, குடுப்பீங்களாக்கா" என்றாள். எனக்கு எப்படி இருந்திருக்கும்! உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவளே புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள். சின்ன வயதில் போலியோவாம், ஒரு கால் குட்டை. அந்தக் கால் செருப்புக்கு அடியில் நாலு விரல் கனத்துக்கு மரக்கட்டை. ஓரம் இழைத்த விதத்திலேயே அப்பா கை என்று தெரிந்துவிட்டது. கடையில் மற்றவர்கள் உங்களுக்கு ஏற்றது இல்லை என்று திருப்பி அனுப்ப, இவர் மட்டும் தரையில் உட்கார்ந்து, நான் செய்து தருகிறேன் என்றாராம். பாதத்தைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தேன். வளைந்த சுண்டுவிரல்கூட அப்படியே இருந்தது.

அப்போதும் நான் விடவில்லை. எங்கே வைத்து அளவெடுத்தார் என்று கேட்டேன். "கடையிலதான்க்கா, எல்லார் முன்னாடியும்" என்றாள். என்னிடம் ஏன் மறைத்தார் என்றேன். "நான் ஸ்கூல்ல டீச்சர், பசங்க கேலி பண்ணுவாங்க, கடைக்கு வெளிய யாருக்கும் சொல்லாதீங்கன்னு நான்தான் கேட்டுக்கினேன். உங்ககிட்டகூட சொல்லியிருக்க மாட்டாருன்னு நெனைக்கலக்கா" என்று அழுதுவிட்டாள். காபி போட்டுக் கொடுத்து, பாதத்தையும் கொடுத்தனுப்பினேன். இனிமேல் பல்லாவரத்தில் ஒருவர் அதை அளவாக வைத்துச் செருப்பு செய்து தருவாராம்.

ஒரு கெட்டதை மறைத்தார் என்றால் சண்டையாவது போட்டிருப்பேன். நல்லதை மறைத்த மனுஷனை என்ன செய்ய? மாப்பிள்ளையிடம் எது கேட்க வேண்டுமானாலும் முகத்துக்கு நேரே கேட்டுவிடு, மனதில் வைக்காதே.

குளிரில் காதை மூடிக்கொண்டு போ. குழந்தைக்கு என் முத்தம். கர்த்தர் உன் வாசலைக் காப்பாராக.

அன்புள்ள அம்மா,
மெட்டில்டா ஐசக்

பி.கு: நேற்று பரணில் இன்னொரு பாதம் கிடைத்தது. ஆண் பாதம், பெருவிரல் இல்லை. யாருடையது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.