பிரித்த காலர்

11.7.1989

அளவு தப்பிய டி-சர்ட் காலர் ஒன்றை இன்று எங்கள் பின்னலாடைக் கம்பெனியில் காலர் பின்னும் மெஷின் ஓட்டும் பழனிசாமியண்ணன் பிரித்தார். நுனி நூலை இழுக்க இழுக்க வரிசை வரிசையாகக் கழன்று, கடைசியில் அவர் மடியில் வெறும் நூல்தான் கிடந்தது.

"காலர் எங்கீங்க போச்சு? நீங்க பிசிக்ஸ் படிச்சவரு, சொல்லுங்க."

"காலர்னு ஒண்ணு இல்லவே இல்லீங்ணா. நூல் கொஞ்ச நேரம் அப்படி நின்னுச்சு. நூலுக்குள்ள போனா அணு, அதுக்குள்ள வெட்டவெளி" என்றேன், பெருமையாக.

"கோயில் சொற்பொழிவுலயும் எல்லாம் மாயைன்னு இதையேதானுங்க சொன்னாங்க. அப்ப எங்க ஊட்டுக்காரியும் அப்படித்தானுங்களா?"

அவர் மனைவி இறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நான் என் வேலைக்குத் திரும்பிவிட்டேன்.

இப்போது கண்ணை மூடினால் அந்த நூல்தான் மிதக்கிறது. பிரித்த பிறகும் அது நேராகவில்லை. பின்னலின் ஒவ்வொரு கண்ணியின் வளைவும் அலை அலையாக அதில் அப்படியே இருந்தது. அதையாவது அவருக்குக் காட்டியிருக்கலாம்.