கேட்டில் மாட்டும் எண்

5 ஜூலை 2025, சனி

பள்ளிக்கூடத்தில் மானம் போனது. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து விளையாடும் கணக்கு வகுப்பு, இனி மாதாமாதம் முதல் சனிக்கிழமை உண்டாம். ரம்யா டீச்சர் என்னைப் பார்த்து, "எட்டும் ஏழும் எவ்ளோ சார்?" என்றார். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் விரலை மடக்கினேன். எனக்குப் பின்னால் பெஞ்சு நிறைய ஜனம் உட்கார்ந்திருப்பது மறந்துபோச்சு. "கால் விரலையும் சேத்துக்கோ வரதா, பத்தாது!" என்று எவனோ கத்தினான். ஒன்பதாவது ஃபெயிலுக்கு இதைவிட சர்டிஃபிகேட் வேண்டுமா?

எல்லாரும் போனபிறகு டீச்சர் சொன்னது: "உங்க பொண்ணு ஷைனி தொண்ணூத்தொம்பது வரைக்கும் சொல்றா. அடுத்து இன்னான்னு கேட்டா மேசைக்கு அடியில பூந்துக்கிறா. ஊட்ல எதையாவது வச்சு விளையாடுங்க சார்."

அப்பன் புத்தி.

7 ஜூலை

வீட்டுக்காரி செல்வி வேர்க்கடலையை வைத்து மகளை எண்ணச் சொன்னாள். எண்ணியதைவிடத் தின்றதுதான் அதிகம். நானும்தான்.

10 ஜூலை

எங்கள் கம்பெனி கேட்டில் 'விபத்தில்லா நாட்கள்' என்று ஒரு போர்டு. தோட்ட வேலைக்கு நடுவே, தினம் காலையில் அதில் எண்ணை மாற்றி மாட்டுவதும் என் வேலை. பதவிதான்! புது எண்கள் வந்துவிட்டதால் பழைய தகரங்கள் ஸ்கிராப்பில் கிடந்தன. கேட்டு வாங்கி வந்தேன்.

அவற்றை எழுதியது மோசஸ். காண்ட்ராக்ட் பெயிண்டர், எங்கள் தெருக்காரன். ஏழுக்கு ஒரு வால் விடுவான். போன மழைக்காலத்தில் கம்பெனி கூரை ஷீட் உடைந்து கீழே —

வேண்டாம்.

13 ஜூலை, ஞாயிறு

கதவில் மூன்று ஆணி அடித்தேன். ஷைனிதான் ஒன்றிலிருந்து வரிசையாக மாட்டுகிறாள். நாஷ்டா கூட அப்புறம்தான். ஒன்பது வந்ததும் முழித்தாள். கழற்றினாள், பூஜ்ஜியத்தை மாட்டினாள், பக்கத்து ஆணியில் ஒன்றை ஏற்றினாள். "நைனா, இவன் பக்கத்து ஊட்டுக்கு ஒரு ஆள அனுப்பிட்டு முட்டையாயிட்டான்!" செல்வி வேண்டுமென்றே தப்பாக மாட்டுவாள், மகள் கண்டுபிடித்துக் குதிப்பாள்.

காற்று வந்தால்தான் பேஜாரு. தகரம் கதவில் தட்டுகிறது. "யாருங்க?" என்று செல்வி போய்த் திறந்தே விட்டாள். யாருமில்லை. ஏழு மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

22 ஜூலை

"கம்பெனில எதுக்கு நைனா அந்த போர்டு?"

"யாருக்கும் அடிபடாத நாளை எண்ணுறதுக்கு."

"அடிபட்டா?"

"எல்லாம் முட்டை. மறுபடி ஒண்ணுலேர்ந்து."

வாத்தியார் மாதிரி சொல்லிவிட்டேன். அப்புறம் தட்டோடு எழுந்து போய்விட்டேன்.

மோசஸ் விழுந்து செத்த மறுநாள் மூன்று பூஜ்ஜியத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். சேஃப்டி பார்க்கும் வசந்தகுமார் சார் சொன்னார்: "காண்ட்ராக்டர் ஆளு நம்ம கணக்குல வரமாட்டான்யா. நேத்து நம்பர்ல ஒண்ணு ஏத்தி மாட்டு."

ஏற்றினேன். ஒன்றைக் கூட்ட விரல்கூட மடக்க வேண்டியதில்லை.

28 ஜூலை

தகரங்களைக் கழற்றிப் பரணில் போட்டேன். ஷைனி அழுது மாட்டவைத்தாள்.

2 ஆகஸ்ட், சனி

தகரங்களோடு பள்ளிக்கூடம்; கரும்பலகைச் சட்டத்தில் மூன்று ஆணி அடித்துக் கொடுத்தேன். தொண்ணூற்றொன்பதிலிருந்து நூற்றுக்கு ஷைனி தாண்டியபோது அப்பன், ஆத்தா எல்லாரும் கை தட்டினார்கள். மேசைக்கு அடியில் யாரும் போகவில்லை. நான்தான் போயிருக்க வேண்டும். குஷியில் அவள், "யாருக்காவது அடிபட்டா எல்லாம் முட்டை!" என்று மூன்று ஆணியிலும் பூஜ்ஜியத்தை மாட்டினாள்.

மோசஸின் மகள் சுகிர்தாவும் அதே வகுப்புதான். பக்கத்தில் வந்து என் சட்டையை இழுத்தாள்.

"அங்கிள், எங்கப்பா வுழுந்தப்போ முட்டை மாட்டுனீங்களா?"

"மாட்டுனேன்மா."

தலையை ஆட்டிக்கொண்டாள். சமாதானமாகிவிட்டது போல. வரிசையில் போய் நின்று, அவளும் ஒரு எண்ணை மாட்டினாள்.

இன்னாத்துக்குச் சொன்னேன்? வேற இன்னா சொல்றது?

4 ஆகஸ்ட், திங்கள்

கேட் போர்டில் மூன்று பூஜ்ஜியம் மாட்டினேன். காலை ஷிஃப்ட் ஆட்கள் பஸ்ஸிலிருந்து இறங்கி அப்படியே நின்றார்கள். ஒருத்தன் மட்டும் தொப்பியைக் கழற்றினான்.

வசந்தகுமார் சார் பைக்கைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். "யோவ் வரதா! யாருக்குய்யா இன்னா ஆச்சு?"

"கண்ணாடி போடல சார், தப்பா மாட்டிட்டேன்."

கெட்ட வார்த்தை ஒன்று, மெமோ ஒன்று. ஸ்டூலில் ஏறி அவரே மாற்றினார். அதற்குள் ஷிஃப்ட் முழுக்க உள்ளே போயிருந்தது.

யாருக்கு என்று அவர் கேட்டதுமே நாக்கு நுனிக்கு வந்துவிட்டது: மோசஸ் வுழுந்துட்டான் சார்.